பின்சக்கரக் காலிப்பர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பெரிதாக்குவதா?

போடிநாயக்கனூர், கம்பம், குமுளி, பூப்பாறை என்று மலையின் இருபுறமும் ஏறி இறங்கிப் பிழைப்பு நடத்துகிறவர்களிடம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள பழைய கார்கள் இப்போது கணிசமாக இருக்கின்றன. ஸ்கோடா ஆக்டேவியா, 2006இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிவிக், 2008இல் வந்த கொரோலா ஆல்டிஸ் போன்றவை ஒரு காலத்தில் நகரத்து வசதிக்காரர்களின் வண்டிகளாக இருந்தன. விலை இறங்கியபின் அவை ஏலக்காய் வியாபாரிகளின் கைக்கும் எஸ்டேட் அலுவலர்களின் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. இன்ஜினும் இருக்கைகளும் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தாங்கும் என்ற நிலையில், இந்த வண்டிகளில் முதலில் தொல்லை கொடுக்கும் உறுப்புகளில் ஒன்று பின்சக்கரக் காலிப்பர்; அதாவது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் உறுப்பு. மலை இறங்கி நிறுத்தியதும் பின்பக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது; ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் சரிவில் வண்டி நகர்கிறது; அல்லது ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல் ஓடுகிறது.

பட்டறைக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். ஒருவர் உள்ளே இருக்கும் ரப்பர்களை மாற்றும் கிட் போட்டால் போதும் என்பார்; ஒருவர் புதிதே வாங்கச் சொல்வார்; மூன்றாமவருக்கு, பழைய வண்டி உறுப்புகள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தெரிந்த கடை ஒன்று இருக்கும். “பெரிய வண்டியோட காலிப்பர் போட்டா நல்லாப் பிடிக்கும்ணே” என்று சொல்பவரும் ஒருவர் இருப்பார். கேட்பதற்கு இனிமையாக இருப்பதும் அந்த யோசனைதான். இந்த நான்கு வழிகளையும் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் எட்டு வண்டிகளுக்கு, தொழிற்சாலை கொடுத்த அளவிலேயே ஒழுங்காகப் பிடித்து ஒழுங்காக விடும் காலிப்பர்தான் சரியான தேர்வு. அதைவிடப் பெரியதைப் போடுவதற்கான நியாயம், பின்சக்கரத்தின் வேலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கரைந்துபோகும்.

பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாய்கிறது என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 1,300 கிலோ எடையுள்ள ஒரு காரில், நிற்கும்போது முன்சக்கரங்களின் மீது 780 கிலோவும் பின்சக்கரங்களின் மீது 520 கிலோவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 சென்டிமீட்டர். காய்ந்த சாலையில் ஓங்கி மிதித்து 0.7 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு) வேகம் குறைத்தால், ஏறத்தாழ 190 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னால் போய்விடும். அப்போது பின்சக்கரங்கள் இரண்டின் மீதும் சேர்த்து 330 கிலோதான் மிஞ்சும்; அதாவது மொத்தத்தில் கால்பங்கு. எட்டு சதவீத இறக்கமாக இருந்தால் அதிலிருந்தும் இன்னொரு இருபது கிலோ குறையும். சக்கரத்தின் மீது எவ்வளவு பாரம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் டயர் சாலையைப் பிடிக்கும். காலிப்பர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த எல்லையை அதனால் உயர்த்த முடியாது. எல்லையைத் தாண்டி அழுத்தினால் பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராக வழுக்கும், ஸ்டியரிங் மட்டும் கேட்காது. பின்சக்கரம் பூட்டினால் வண்டியின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் இந்த இரண்டில் எது மோசம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின் பிரேக்கை முன் பிரேக்கைவிட மெலிதாக வைத்து வண்டியை வடிவமைப்பது செலவைக் குறைப்பதற்காக மட்டும் என்று நினைப்பது தவறு. அதற்கு முதற்காரணம் இதுதான்.

மலைப்பாதைக்கு உரிய இன்னொரு கேள்வி சூடு. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும்போது, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். அந்த உயரத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் முழுவதும் எங்காவது சூடாக வெளியேறியாக வேண்டும். கணக்கிட்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியை முழுதாக நிறுத்தும்போது பிறக்கும் சூட்டைப்போல இருபத்தைந்து மடங்கு வருகிறது. எடை கூடிய வண்டியானாலும் குறைந்த வண்டியானாலும் இந்த விகிதம் மாறாது. இதில் ஒரு பகுதியை டயரின் உருளல் தடையும் காற்றும் விழுங்கும். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் விழுங்கும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவரின் வண்டியில் மட்டும்தான் மீதி மொத்தமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. அப்படி இறங்குகிறவருக்குப் பெரிய காலிப்பர் தேவைப்படலாம் என்று வாதிடலாம்; கியரைப் பயன்படுத்தினால் செலவில்லை என்பது என் பதில்.

சரி, கியரில்தான் இறங்குகிறோம், அப்போதும் பின்சக்கரம் சுடுகிறதே என்றால், சிறிய காலிப்பரின் மேல் சந்தேகப்படுவதைவிட, பிடித்ததை விடாத காலிப்பரின் மேல் சந்தேகப்படுவதே முறை. பின்சக்கரத்தின் மெல்லிய டிஸ்க் மூன்றரைக் கிலோ எடை என்று கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அதன் வெப்பம் நாற்பது டிகிரி அளவில்தான் உயரும். அடுத்த வளைவுக்குள் அதில் ஒரு பங்கு ஆறிவிடும். ஆனால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வந்தால், ஏற்றத்திலும் சமவெளியிலும்கூட அது இடைவிடாமல் சூடாகிறது. மைலேஜ் குறைவதும், ரிம்மில் கருந்தூள் ஒரு பக்கம் மட்டும் படிவதும், ஒரு பக்கத்து பேட் மட்டும் தேய்ந்து தகடு தெரிவதும் இதன் அடையாளங்கள்.

இந்த வட்டாரத்தில் பின்சக்கரக் காலிப்பர் சீக்கிரம் இறுகிப்போவதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. மலை முகட்டில் ஓடும் வண்டி இரண்டு மழையையும் வாங்குகிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை, அக்டோபருக்குப் பிறகு போடி, கம்பம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. எஸ்டேட் சாலையின் செம்மண் சேறு முன்சக்கரத்திலிருந்து தெறித்துப் பின்சக்கரத்தின் உட்பக்கத்தில்தான் அதிகம் அடைகிறது. முன் பிரேக்காவது தினமும் ஓங்கி வேலை செய்து தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பின் பிரேக் மெல்லத் தொட்டு விடும் வேலையைத்தான் செய்கிறது. அதனால் துரு உதிர வாய்ப்பில்லாமல் தங்கிவிடுகிறது. அதற்கு மேல், இப்படிப்பட்ட கார்களில் பெரும்பாலானவற்றில் ஹேண்ட் பிரேக்கும் இதே காலிப்பருக்குள் இருக்கிறது. வெளியே தெரியும் சிறிய நெம்புகோலைக் கேபிள் இழுக்க, அதன் தண்டு உள்ளே ஒரு திருகைத் திருப்ப, அந்தத் திருகு, பேட்டை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளும். அந்தத் தண்டு உள்ளே நுழையும் இடத்திலுள்ள ரப்பர் சீல் வெடித்தால் தண்ணீர் நேராகத் திருகுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பத்துநாள் நிறுத்திய வண்டி, எடுக்கும்போது நகர மறுப்பது இதனால்தான்.

ஒரு காலிப்பரைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும். பட்டறையில் அப்படிக் கழற்றிய ஒன்றைப் பாருங்கள். வெளிப்பார்வைக்குச் சேறு படிந்த இரும்புக் கட்டி. காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்களில் மேலே உள்ளது கையாலேயே வழுக்கிக்கொண்டு வருகிறது. கீழ்ப் பின்னை வைஸில் பிடித்துச் சுற்றிச் சுற்றி இழுத்தால்தான் வருகிறது, வரும்போது பழுப்பு நிறத்தில் களிம்புபோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. முன்பு யாரோ சாதாரண வீல் பேரிங் கிரீஸைப் போட்டு, அது ரப்பரை ஊதச் செய்து, ஊதிய ரப்பர் பின்னைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பிஸ்டனின் தூசி ரப்பரை விலக்கினால், பளபளவென்று இருக்கவேண்டிய முலாம் பூச்சில், ரப்பரின் உதடு உட்காரும் இடத்தில் மட்டும் மோதிரம்போல் ஒரு துருக்கோடு. அந்தக் கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் நகம் தட்டுகிறதா, தட்டாமல் போகிறதா என்பதுதான் அடுத்த செலவைத் தீர்மானிக்கிறது.

நகம் தட்டவில்லை என்றால் கிட் போட்டுப் புதுப்பிப்பது முதல் வழி; நான் முதலில் பரிந்துரைப்பதும் இதைத்தான். கிட் என்பதில் பிஸ்டனின் சதுர வெட்டு சீல், தூசி ரப்பர், ஸ்லைடு பின் ரப்பர்கள் ஆகியவை இருக்கும். சில கிட்களில் புதிய பிஸ்டனும் வரும். செலவு நூறுகளில் தொடங்கி, பிஸ்டனும் சேர்த்தால் ஆயிரங்களைத் தொடும், கூலி தனி. இங்கே பொருளைவிட வேலையின் நேர்த்திதான் பலனைத் தீர்மானிக்கிறது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கத் தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது. மிதிக்கும்போது சதுர சீல் சற்றே வளைந்து கொடுத்து, காலை எடுத்ததும் தன் வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னே கொண்டுவருகிறது. சீல் உட்காரும் பள்ளத்தில் துருப்பொருக்கு மிஞ்சியிருந்தால் புதிய சீலும் அந்த வேலையைச் செய்யாது. பள்ளத்தைக் கூரான மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ பொறுமையாகச் சுரண்டி எடுக்கும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். எமரித் தாளை எடுத்துச் சிலிண்டரின் உட்புறம் முழுவதும் தேய்க்கத் தொடங்குகிறவரிடம் கொடுக்கக் கூடாது. ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கோன் அடிப்படையிலான பிரேக் கிரீஸ் மட்டும்தான். பெட்ரோலிய கிரீஸ் எதுவும் பிரேக் ரப்பரின் அருகே வரக் கூடாது.

ஹேண்ட் பிரேக் உள்ளடங்கிய காலிப்பரில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முன்சக்கரப் பிஸ்டனைச் செய்வதுபோல் சி-கிளாம்பு வைத்து இதை நேராக நெரித்து உள்ளே தள்ளினால், தானாகச் சரிசெய்துகொள்ளும் உள்திருகு அப்போதே கெட்டுவிடும். இதற்கென்று உள்ள கருவியை வைத்து, அழுத்திக்கொண்டே சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், சிலவற்றில் மாறும். அந்தக் கருவி இருக்கிறதா என்று பட்டறையில் முன்னதாகக் கேட்டுவிடுவது நல்லது. கேள்விக்கு வரும் பதிலிலிருந்தே பட்டறையை எடைபோட்டுவிடலாம்.

நகம் தட்டினால், அதாவது பிஸ்டனிலோ சிலிண்டரின் உட்சுவரிலோ குழி விழுந்திருந்தால், அல்லது நெம்புகோல் தண்டின் வழியாக பிரேக் ஆயில் கசிந்திருந்தால், கிட்டுக்குச் செலவழிப்பது வீண். பிஸ்டனை மாற்றலாம், சுவரை மாற்ற முடியாது. தண்டின் சீல் பல கிட்களில் வருவதே இல்லை. அப்போது அதே அளவுள்ள புதிய காலிப்பர்தான் வழி. இதன் விலை கிட்டின் பல மடங்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாங்கவும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டு மற்றப் பக்கத்தைப் பழையதாக விட்டால் இருபுறப் பிடியும் வேறுபட்டு வண்டி ஒருபக்கம் இழுக்கும். பதிவைப் புதுப்பிக்கும்போது, சக்கரங்களை உருளைகள்மேல் சுழற்றிப் பிடியை அளக்கும் பரிசோதனை நடந்தால், அந்த வேறுபாடு எண்ணாகவே வந்து நிற்கும். வண்டிக் கம்பெனியின் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பிரேக் உறுப்புகளையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் சொந்தப் பெட்டியில் அதே தரம் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. 1962 முதல் சென்னையில் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா போன்றவை பல வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே பிரேக் கொடுப்பவை. ஆனால் நம் நாட்டில் குறைவாக விற்ற வெளிநாட்டு வண்டிகளுக்கு இப்படிப்பட்ட மாற்று எளிதில் கிடைக்காது. இறக்குமதிப் பொருளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். பெயரே இல்லாத பெட்டியில், நம்ப முடியாத விலையில் வருவதைக் கதவுக் கைப்பிடி என்றால் வாங்கலாம், பிரேக்குக்கு வேண்டாம்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய காலிப்பரை வாங்குவது மூன்றாவது வழி. இதை முற்றாக ஒதுக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது; சில வண்டிகளுக்குப் புதுப்பேட்டையை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் அதை ஒரு முடிந்த பொருளாக வாங்காமல், கிட் போட்டுப் புதுப்பிப்பதற்கான கூடாக மட்டும் வாங்க வேண்டும். கிட்டின் விலையையும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் நினைத்த அளவுக்கு இருக்காது. கடையில் நின்றுகொண்டே பார்க்கவேண்டியவை சில உண்டு: நெம்புகோலைக் கையால் இழுத்து விட்டால் முழுதாகத் தன் தாங்கியில் வந்து முட்ட வேண்டும், ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் உடையாமல் திரும்ப வேண்டும், சிலிண்டரின் உட்சுவரில் குழி இருக்கக் கூடாது. இடது, வலது என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்கவும் கூடாது. வண்டியில் பொருத்தும் நிலையில் பிடித்துப் பார்த்தால் ஏர் நிப்பிள் மேற்புறம் இருக்க வேண்டும். பக்கம் மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கிவிடும். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் மிதி பஞ்சுபோலவே இருக்கும். மழை குறைந்த ஊர்களில் ஓடிய வண்டியின் காலிப்பர், இடுக்கியில் ஓடியதைவிடப் பெரும்பாலும் நன்றாக இருக்கும் என்பதையும் கேட்டு வாங்கலாம், கடைக்காரர் உண்மை சொன்னால்.

இனி பெரிதாக்கும் ஆசை. இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. முதல் வகை, பிஸ்டன் அளவை மாற்றாமல் நல்ல வடிவமைப்புள்ள காலிப்பருக்கு மாறுவது. ஐரோப்பாவில் 1990களின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் வைத்திருப்பவர்கள் அடுத்த தலைமுறை கோல்ஃபின் அலுமினியப் பின் காலிப்பரைப் பொருத்திக்கொள்வது நெடுநாளைய வழக்கம். பழைய வார்ப்பிரும்புக் காலிப்பரின் ஹேண்ட் பிரேக் தண்டு இறுகுவதும், புதியதில் அந்தத் தொல்லை குறைவாக இருப்பதும்தான் அதற்குக் காரணம். கூடுதல் பிடி அவர்களின் நோக்கமே இல்லை. அதற்கும் பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் சேர்த்து மாற்றவேண்டியிருக்கிறது. நம் ஊர் வண்டிக்கு இப்படி ஒரு பொருத்தம் கிடைத்து, பிஸ்டன் விட்டத்தை வெர்னியரில் அளந்து ஒன்றுதான் என்று உறுதிசெய்துகொண்டால், அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

இரண்டாவது வகை பெரிய பிஸ்டன். 34 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 38 மில்லிமீட்டர் போடுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பு 9.1 சதுர சென்டிமீட்டரிலிருந்து 11.3 ஆகிறது, அதாவது அதே மிதியழுத்தத்தில் பின்சக்கரப் பிடி கால்பங்கு கூடுகிறது. மேலே சொன்ன பாரக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியில், ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்து, பின்னிருக்கையும் டிக்கியும் காலியாக, இறக்கத்தில் எதிரே திடீரென்று ஜீப் வந்து ஓங்கி மிதித்தால், பின்சக்கரம் முதலில் பூட்டும் அபாயத்தை நாமே விலை கொடுத்து வாங்கியிருப்போம். இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டிகளின் குறைந்த விலை ரகங்கள் பலவற்றில் அது இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஏபிஎஸ்ஸும் முன்பின் பிடியைப் பங்கிடும் இபிடியும் உள்ள வண்டியில் அபாயம் குறைவு. ஆனால் பின்சக்கரம் நழுவத் தொடங்கியதும் அந்தக் கருவி பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடுமாதலால், நாம் பணம் கொடுத்துச் சேர்த்த பிடியைத் தேவையான நேரத்தில் அதுவே கழித்துவிடும். ஏபிஎஸ் இல்லாவிட்டால் ஆபத்து, இருந்தால் பயனில்லை என்ற நிலையில் இந்தச் செலவுக்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

போதாததற்கு மிதியும் இறங்கும். பெரிய பிஸ்டன் அதே தூரம் நகரக் கால்பங்கு கூடுதல் ஆயில் வேண்டும். மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழைய அளவிலேயே இருப்பதால் அந்தக் கூடுதலைக் கால் இறங்கித்தான் கொடுக்க வேண்டும். முன்பக்கத்தையும் விகிதம் மாறாமல் பெரிதாக்கி, மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றி, முழுத் தொகுதியாகச் செய்கிறவர்கள் உண்டு. இன்ஜினின் சக்தியைக் கூட்டியவர்களுக்கும் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கும் அது பொருந்தும். பல பிஸ்டன் கொண்ட, வண்ணம் பூசிய பிரெம்போ வகைக் காலிப்பர்களைப் பின்சக்கரத்துக்குப் போடுவது பற்றி ஒரு வரி போதும்: அவற்றில் பெரும்பாலானவற்றில் ஹேண்ட் பிரேக் கிடையாது, தனியாக இன்னொரு சிறு காலிப்பர் தொங்கவிட வேண்டும், மலைநாட்டில் ஹேண்ட் பிரேக்கோடு விளையாடுவது அறிவுடைமை ஆகாது.

பின்பக்கம் டிஸ்க்குக்குப் பதில், வளைந்த ஷூக்கள் உட்புறமிருந்து அழுத்தும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்காரர்களும் டிஸ்க்குக்கு மாறலாமா என்று கேட்பதுண்டு. நம் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். டிஸ்க் சீக்கிரம் ஆறும், தண்ணீரை உதறிவிடும், பேட் மாற்றுவது எளிது என்பதெல்லாம் உண்மை. ஆனால் டிரம்மில் சுழலும் திசையே முன் ஷூவை இழுத்துச் சுவரோடு அழுத்துவதால், சிறிய இழுப்பிலும் ஹேண்ட் பிரேக் இரும்புப்பிடியாக நிற்கும்; சரிவில் நிறுத்தி மூட்டை ஏற்றும் தொழிலுக்கு அதைவிட ஏற்றது இல்லை. மாஸ்டர் சிலிண்டரும் முன்பின் அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வும் டிரம்முக்கென்று அளவிடப்பட்டவை. காலிப்பரை மாட்ட அச்சில் இடமும் இருக்காது. லேத்தில் ஒரு தாங்கியை வெட்டி வெல்டு வைப்பார்கள். பிரேக்கின் முழு விசையையும் தாங்கும் ஒரு துண்டு இரும்பு, யாரோ கண்ணளவில் வைத்த வெல்டிங்கை நம்பி நிற்பதை நினைத்தால் எனக்குக் கால் பிரேக்கைத் தேடுகிறது. டிரம்மை லேத்தில் ஒருமுறை தேய்த்து, புது ஷூவும் வீல் சிலிண்டரும் போட்டால் அந்த வண்டிகளுக்குப் போதும்.

சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எல்லைக்கு அந்தப்புறம் கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றியமைத்த வண்டிகளிடம் காட்டும் கண்டிப்பு இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. பதினைந்து ஆண்டு முடிந்து ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போதும், விபத்துக்குப் பின் காப்பீட்டு மதிப்பீட்டாளர் வண்டியைப் பார்க்கும்போதும், தேய்ந்ததற்கு அதே அளவில் மாற்று போட்டவருக்கு விளக்க வேண்டியது எதுவும் இல்லை. வேறு வண்டியின் காலிப்பர் போட்டவருக்கு நிறைய இருக்கும்.

பெரிதாக்க ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் அதற்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. முதலில் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இடுக்கியின் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதற்கு விதிக்கப்பட்டிருக்கும் எல்லை 155 டிகிரி. டாட் 3 வகைக்கு இந்த எண்கள் 205, 140. கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி தரையைத் தொடும். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன கதைகளில் காலிப்பர் சிறியதாக இருந்தது என்பதைவிட ஆயில் பழையதாக இருந்தது என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கக் கூடும் என்பது என் எண்ணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு தடவை டேங்க் நிரப்புவதைவிடக் குறைவு. அடுத்தது, வெடித்த ரப்பர் ஹோஸ். உட்புறம் வீங்கிய ஹோஸ் ஆயிலைப் போகவிட்டுத் திரும்பிவர விடாது. காலிப்பர் இறுகியதுபோலவே தோன்றும். அப்படிப்பட்ட வண்டியில் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் சட்டென்று விடுபட்டால், காலிப்பர் வாங்கும் செலவே மிச்சம். அதன் பிறகு முன்சக்கரத்துக்கு நல்ல பேட், நான்குக்கும் நல்ல டயர்.

ஆகவே யாருக்கு எது என்று கேட்டால் இப்படிப் பிரிப்பேன். தினமும் போடிமெட்டு ஏறி இறங்குகிறவர், பிஸ்டனில் குழி இல்லாவிட்டாலும், வண்டியை இன்னும் ஐந்தாண்டு வைத்திருக்கப் போகிறார் என்றால் அதே அளவுள்ள புதிய காலிப்பர் ஜோடியை வாங்குவது வீண் செலவாகாது. நேரமும் அலைச்சலும் மிச்சம். தேனிக்கும் கம்பத்துக்கும் சமவெளியில் ஓட்டி, மாதம் ஒருமுறை குமுளி போகிறவருக்குக் கிட் தாராளம். வண்டியை விற்கும் எண்ணத்தில் இருப்பவரும் கிட் போட்டுச் சரியாக வைத்து விற்கட்டும். இறுகிய காலிப்பரை நெம்பி விட்டுவிட்டு அடுத்தவர் தலையில் கட்டுவது வேறு விஷயம். புதுப்பேட்டைப் பொருள், வேறு எங்கும் கிடைக்காத வண்டிக்காரருக்கு மட்டும். பெரிய பிஸ்டன், முன்பக்கத்தையும் சேர்த்து மாற்றத் தயாராக இருக்கும் ஆர்வலருக்கு மட்டும், அதுவும் பொதுச் சாலைக்கு வெளியே.

எதைப் போட்டாலும் பொருத்திய பின் சில வேலைகள் இருக்கின்றன. முதலில் கால் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பிஸ்டனைப் பேட்டோடு சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் நெம்புகோல் தன் தாங்கியில் முழுதாகத் திரும்பாமல் நிற்கும், உள்திருகு தன்னைச் சரிசெய்துகொள்வதும் நின்றுவிடும். புதுப் பேட் போட்டிருந்தால் அன்றே மலை ஏறக் கூடாது. போடியிலிருந்து தேனி போகும் சாலையில், வண்டி நடமாட்டம் குறைந்த அதிகாலையில், அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பத்துமுறை போலச் செய்தால் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும். அதன்பின் சற்றுதூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் வண்டி பட்டறைக்குத் திரும்ப வேண்டும், மேட்டுக்கு அல்ல.

முதல்முறை மலை இறங்கி நிறுத்தும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடான டிஸ்க்கைப் பிடித்து ஹேண்ட் பிரேக் போட்டால், டிஸ்க் ஆறும்போது சற்றே சுருங்கி, பிடி தளரும். நிறுத்தும்போது அசையாமல் நின்ற வண்டி கால்மணி நேரம் கழித்து நகர்வது உண்டு. காலிப்பரில் கோளாறு என்று அப்போது மறுபடி பட்டறைக்கு ஓட வேண்டாம். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு கியரிலும் போட்டு, சக்கரத்தைச் சாலையோரத் திட்டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினால் போதும். ஜீப்காரர்கள் வைக்கும் கல்லையும் கூடவே வைத்தால் யாரும் சிரிக்கப் போவதில்லை.